கட்-ஆஃப் 178.5, எம்பிசி, கள்ளக்குறிச்சி: எதைப் பார்த்து இன்ஜினியரிங் காலேஜ் முடிவு செய்வது?

கோமுகிக்கரை

வணக்கம். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கட்-ஆஃப் 178.5, எம்பிசி. அரசு உதவி பெறும் பள்ளி, ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ் வழி. வீட்டில் முதல் பட்டதாரி.

மூன்று பேச்சு ஓடுகிறது. ஒன்று, வீட்டிலிருந்து 25 கிலோமீட்டரில் ஒரு தனியார் கல்லூரியில் ஏஐ-டிஎஸ் (செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல்). காலேஜ் பஸ் தெருமுனைக்கே வரும். இரண்டு, சேலம் அரசு பொறியியல் கல்லூரி. கிடைத்தால் ட்ரிபிள்-இ (மின், மின்னணுப் பொறியியல்), ஹாஸ்டல். மூன்று, கோவையில் ஒரு தன்னாட்சித் தனியார் கல்லூரி, இசிஇ (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்). மாமனார் பக்கத்திலேயே போதும் என்கிறார். கணவர் அரசு கல்லூரி என்கிறார். மகளுக்கு ஏஐ மேல் கண். டியூஷன் சார் முதல் கல்லூரியின் "98 சதவீதம் பிளேஸ்மென்ட்" நோட்டீஸை நீட்டுகிறார்.

எது நல்ல கல்லூரி என்று நான் கேட்கவில்லை. எந்த விஷயத்துக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம், அதை எங்கே போய்ச் சரிபார்ப்பது, இதை மட்டும் சொல்லுங்கள். கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியல் போடும் சாய்ஸ் ஃபில்லிங்குக்குப் பத்து நாள்தான் இருக்கிறது.

---

ரெக்கார்டு நோட்டு

முதலில் அந்த 178.5-ஐ ஓரமாக வைத்துவிட்டு ரேங்க்கைக் கையில் எடுங்கள். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 சேர்ந்ததுதான் கட்-ஆஃப். மூன்றில் ஒரு வினாத்தாள் இளகினாலும் எல்லார் மார்க்கும் சேர்ந்து ஏறிவிடும். வேதியியலில் சென்டம் எடுத்தவர்கள் 2024-ல் 471 பேர், 2025-ல் 3,181 பேர். கணிதத்தில் 2023-ல் 690, 2024-ல் 2,587, 2025-ல் 3,022. அதனால் "போன வருஷம் 177-க்கு அங்கே கிடைத்தது" என்ற பேச்சை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

பொறியியல் கவுன்சலிங்குக்கான டிஎன்இஏ தளத்தில் முந்தைய ஆண்டுகளின் அலாட்மென்ட் பட்டியல் சுற்றுவாரியாகக் கிடைக்கும். ஒவ்வொரு வரியிலும் ரேங்க், சமுதாயம், கல்லூரிக் குறியீடு, பிரிவு, எந்த ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தது என்று இருக்கும். உங்களுக்கு வேண்டிய கல்லூரி, பிரிவு இரண்டையும் வடிகட்டி, எம்பிசியில் கடைசியாகப் போன ரேங்க் எது என்று இரண்டு ஆண்டுக்குக் குறித்துக்கொள்ளுங்கள். மகளின் ரேங்க் அதற்குப் பக்கத்தில் இருந்தால் அது நடக்கக்கூடிய சாய்ஸ்.

இடங்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். எம்பிசிக்கு 20 சதவீதம். அரசு கல்லூரியில் 60 இடம் உள்ள பிரிவு என்றால் சுமார் 12 இடம். சிறுபான்மை அல்லாத தனியார் கல்லூரியில் 65 சதவீதம்தான் கவுன்சலிங்குக்கு வரும். 60-ல் 39, அதில் எம்பிசிக்கு எட்டுதான். எட்டு இடத்தில் இரண்டு பேர் கூடக்குறைய வந்தாலே கடைசி ரேங்க் எங்கேயோ போய்விடும். இன்னொன்று, 2024-25 முதல் ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பு) ஒரு பிரிவுக்கு இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை நீக்கிவிட்டது. பெயர் பெற்ற கல்லூரிகள் கம்ப்யூட்டர் பிரிவுகளில் இடங்களைக் கூட்டிவிட்டன. அதனால் கம்ப்யூட்டர் சார்ந்த பிரிவுகளுக்குப் பழைய கணக்கு கொஞ்சம் தளர்வாகத்தான் பொருந்தும். ட்ரிபிள்-இ, மெக்கானிக்கல் போன்றவற்றில் ஓரளவு நிலையாக இருக்கும்.

குறியீட்டில் கவனம். கோவை பிஎஸ்ஜி காலேஜ் ஆஃப் டெக்னாலஜி 2006. பிஎஸ்ஜி ஐடெக் என்று சொல்கிறார்களே, அது 2377, வேறு வளாகம், வேறு கல்லூரி. ஒரே கல்லூரிக்குள்ளும் இந்தச் சிக்கல் உண்டு. அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே பிரிவு இரண்டு வரியாக இருக்கும், ஒன்றின் பெயருக்குப் பக்கத்தில் எஸ்.எஸ். என்று போட்டிருக்கும். அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் அதிகம். வகுப்பறை ஒன்றுதானே என்று பார்க்காமல் டிக் அடித்துவிட்டு, பணம் கட்டும் நாளில் முழிப்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு.

இனி அந்த 98 சதவீதம். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் ஒரு பிடிஎஃப் சமர்ப்பிக்கின்றன. அதைத் தங்கள் தளத்திலும் போட வேண்டும். தரவரிசையில் எத்தனையாவது இடம் என்பதைவிட அந்த பிடிஎஃப்தான் உங்களுக்குப் பயன்படும். அதில் நான்காண்டு இளநிலைப் பட்டத்துக்கு ஒரு அட்டவணை: முதலாண்டில் சேர்ந்தவர்கள், லேட்டரல் என்ட்ரியில் (நேரடியாக இரண்டாம் ஆண்டில்) வந்தவர்கள், நான்கு ஆண்டுக்குள் பாஸ் ஆனவர்கள், வேலை கிடைத்தவர்கள், அவர்களின் சம்பள மீடியன் (வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவது), மேற்படிப்புக்குப் போனவர்கள்.

கற்பனையாக ஒரு கல்லூரி: முதலாண்டில் சேர்ந்தவர்கள் 228, லேட்டரல் 20, உரிய காலத்தில் முடித்தவர்கள் 150, வேலை 130. 130-ஐ 150-ஆல் வகுத்தால் 87 சதவீதம். இதைத்தான் ஃபிளெக்ஸில் போடுவார்கள். 130-ஐ 248-ஆல் வகுத்தால் 52. உங்கள் மகள் சேரும்போது 248 பேரில் ஒருத்தியாகத்தான் சேர்கிறாள். கீழே எந்த எண் போட்டு வகுத்தார்கள் என்று தெரியாத சதவீதத்துக்கு எடையே கொடுக்காதீர்கள். மேற்படிப்புக்குப் போனவர்களை மட்டும் 248-லிருந்து கழித்துக்கொள்ளலாம், அது நியாயம். சம்பளத்தில் "உச்சபட்சம்" வேண்டாம், மீடியனை மட்டும் பாருங்கள். இந்த அட்டவணை கல்லூரி முழுமைக்கும் சேர்த்துத்தான் இருக்கும், பிரிவுவாரியாகக் கிடைக்காது. பிடிஎஃப்பே இல்லாத கல்லூரி என்றால் பாஸ் ஆனவர் எத்தனை, சேர்ந்தவர் எத்தனை என்று நேரில் கேளுங்கள்.

தன்னாட்சி இல்லாத கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர்வாரியாக வெளியிடுகிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே வினாத்தாள் எடுத்துத் திருத்துவதால் அந்தப் பட்டியலில் இருக்காது. எனவே உங்கள் முதல் கல்லூரியையும் மூன்றாவதையும் தேர்ச்சி விகிதம் வைத்து ஒப்பிடாதீர்கள். "அண்ணா பல்கலைக்கழகப் பட்டம்" என்று விளம்பரத்தில் வந்தால் அதற்கு மதிப்பெண் பூஜ்யம். இணைப்பில் இருக்கும் எல்லாக் கல்லூரிக்கும், தன்னாட்சி பெற்றதற்கும் சேர்த்து, பட்டம் தருவது அந்தப் பல்கலைக்கழகம்தான்.

---

மெஷின்லேப்

மேலே சொன்னது கல்லூரிக் கணக்கு. நான் பிரிவைப் பத்தி மட்டும் சொல்றேன் மேடம்.

ஏஐ-டிஎஸ் பெரும்பாலான இணைப்புக் கல்லூரிகள்ல 2020-21லயோ அதுக்கு அப்புறமோதான் ஆரம்பிச்சது. 2020-21ல ஆரம்பிச்ச இடத்துல முதல் பேட்ச் 2024லதான் வெளிய வந்துச்சு. என்பிஏங்குற தர அங்கீகாரம் பிரிவுவாரியா தர்றது, அதுக்குக் குறைஞ்சது ரெண்டு பேட்சாவது படிச்சு முடிச்சிருக்கணும். ஆக "எங்க காலேஜ் என்பிஏ"ன்னு சொன்னா "எந்தப் பிரிவுக்கு, எந்த வருஷம் வரைக்கும்"னு ரெண்டு கேள்வி கேளுங்க. மெக்கானிக்கலுக்கு வாங்கின என்பிஏவைக் காட்டி ஏஐக்கு ஆள் சேர்ப்பாங்க. நாக் வேற, அது மொத்தக் கல்லூரிக்குத் தர்ற கிரேடு.

அடுத்து வாத்தியார் எண்ணிக்கை. ஏஐசிடிஇ விதி 20 பேருக்கு ஒருத்தர். 60 இடம்னா நாலு வருஷத்துக்கு 240 பேர், 12 ஆசிரியர் வேணும். 120 இடம்னா 24. துறைப் பக்கத்தைத் திறந்து தலையை எண்ணுங்க. அதுல எத்தனை பேர் சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயின்ஸ்) துறைப் பக்கத்துலயும் இருக்காங்கன்னு பாருங்க. ஒரே ஆசிரியர் பல கல்லூரிகள்ல முழுநேரமா வேலை பாக்கறதா கணக்கு காட்டின விவகாரத்தை 2024 ஜூலைல அறப்போர் இயக்கம்ங்குற ஊழல் எதிர்ப்பு அமைப்பு வெளிய கொண்டு வந்துச்சே, அதுக்கப்புறம் வெப்சைட்ல இருக்குற பேரை மட்டும் நம்ப முடியாது. நேர்ல போங்க.

போறதுன்னா ஓப்பன் டே அன்னைக்குப் போகாதீங்க. அன்னைக்கு எல்லா லேப்லயும் லைட் எரியும். சாதாரண வேலை நாள், மத்தியானம் ரெண்டரை மூணு மணிக்குப் போங்க. அது லேப் நேரம். ட்ரிபிள்-இன்னா எலக்ட்ரிகல் மெஷின்ஸ் லேபைக் காட்டச் சொல்லுங்க. 30 பேர் பேட்ச்சுக்கு ஓடுற செட் எத்தனைன்னு எண்ணுங்க. மூணு பேருக்கு ஒரு செட்னா நல்லது, ஆறு பேருக்கு ஒண்ணுன்னா ஒருத்தன் ஒயர் மாட்டுவான், மிச்ச அஞ்சு பேர் ரீடிங் எழுதுவாங்க. மோட்டார் மேல தூசி படிஞ்சிருந்தா, பேனல் போர்டுல ஃபியூஸ் கேரியர் இல்லாம ஓட்டையா இருந்தா, அங்க ரெக்கார்டு மட்டும்தான் ஓடுதுன்னு அர்த்தம். ஏஐன்னா கம்ப்யூட்டர் எண்ணிக்கை பெருசில்ல. மூணாம் வருஷப் புள்ளைங்க மினி புராஜெக்டை எந்த மெஷின்ல ஓட்டினாங்கன்னு கேளுங்க. சொந்த லேப்டாப்லன்னு சொன்னா லேப் எப்படி இருக்குன்னு தெரிஞ்சிடும்.

வெளிய வந்து கேட் எதிர்ல இருக்குற டீக்கடைல மூணாம் வருஷம், நாலாம் வருஷம் படிக்கிறவங்களைப் பிடிங்க. "உங்க பிரிவுக்கு"ன்னு அழுத்திக் கேளுங்க, எந்தெந்தக் கம்பெனி வந்துச்சுன்னு. இந்த செமஸ்டர்ல எத்தனை வாத்தியார் போனாங்க, பிளேஸ்மென்ட் ட்ரெயினிங்குக்குத் தனியா காசு வாங்குறாங்களா, வகுப்புல அரியர் இல்லாதவங்க எத்தனை பேர். இந்த நாலு கேள்விக்கு மூணு பேர்கிட்ட ஒரே பதில் வந்தா எடுத்துக்கலாம்.

வேலைன்னு பாத்தா ஐடி சர்வீஸ் கம்பெனிகள் பெரும்பாலும் எந்தப் பிரிவா இருந்தாலும் எடுப்பாங்க. நிலுவை அரியர் இல்லாம இருக்கணும், 60 சதவீதம் இருக்கணும், பொதுவா அதுதான் வாசல். ட்ரிபிள்-இல சேர்ந்தா அந்த வாசலும் இருக்கு, மின்வாரிய உதவிப் பொறியாளர் தேர்வு, கேட் தேர்வு எழுதி பொதுத்துறை நிறுவனம்னு இன்னொரு பக்கமும் இருக்கு. ஏஐக்கும் 2024லேருந்து கேட்ல தனித் தாள் வந்திருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா அரசு வேலை அறிவிக்கையில பட்டத்தோட பேர் அப்படியே இருக்கணும், இல்லன்னா அதுக்குச் சமம்னு சொல்ற இணைத்தன்மை அரசாணை இருக்கணும். புதுப் பேர் பட்டங்களுக்கு இது ஒரு தலைவலி. மக அரசு வேலையையும் மனசுல வச்சிருந்தா இதுக்கு நல்ல எடை குடுங்க.

தமிழ் வழில வர்ற புள்ளைங்க தடுமாறுறது முதல் செமஸ்டர்லதான். கணக்கு, புரோகிராமிங், ரெண்டும் சேர்ந்து வரும். கணக்குல விஷயம் தெரியாம போறதில்ல, கேள்வி புரியாமதான் போகும். கல்லூரியில முதல் ரெண்டு மூணு வாரம் பிரிட்ஜ் கோர்ஸ் நிஜமா நடக்குதா, சாயங்காலம் ஹாஸ்டல்ல யாராவது உக்காந்து சொல்லித் தருவாங்களான்னு கேட்டு வைங்க. தினமும் ரெண்டு மணி நேரம் காலேஜ் பஸ்ல போற புள்ளைக்கு அந்த சாயங்கால நேரம் கிடைக்காது. மாமனார் சொல்ற "பக்கம்" காலைல ஏழு மணிக்கு பஸ் ஏறி, ஊர் ஊரா சுத்தி வர்ற பக்கமான்னும் பாத்துக்கோங்க.

---

வட்டிக்கணக்கு

பணத்தை யாரும் தொடவில்லை. முதல் வருடக் கட்டணத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. நான்கு வருடத்துக்குத் தாள் போடுங்கள்.

தனியார் கல்லூரியில் கவுன்சலிங் சீட்டுக்கு 2017-ல் நிர்ணயித்த கட்டணம் ஆண்டுக்கு 50,000, என்பிஏ உள்ள பிரிவுக்கு 55,000. மேனேஜ்மென்ட் சீட்டுக்கு 85,000, 87,000. இந்த ஆண்டின் எண்ணை டிஎன்இஏ கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். அதற்கு மேல் பஸ் அல்லது ஹாஸ்டல், தேர்வுக் கட்டணம், ட்ரெயினிங், லேப்டாப், சீருடை. காலேஜ் பஸ் கட்டாயமா என்று கேளுங்கள். சில இடங்களில் அரசு பஸ்ஸில் வந்தாலும் பணம் கட்டச் சொல்வார்கள். அரசு கல்லூரியில் டியூஷன் மிகக் குறைவு, அங்கே செலவு என்றால் மெஸ்தான். அதுவும் டிவைடிங் முறை, மாதாமாதம் ஆன செலவைச் சாப்பிட்டவர்கள் பங்கிட்டுக்கொள்வது. எனவே ஹாஸ்டலோடு சேர்த்தாலும் அரசு கல்லூரி, வீட்டிலிருந்து போய்வரும் தனியார் கல்லூரியை விட மலிவாக முடிவது சாதாரணம். "ஹாஸ்டல் என்றால் செலவு" என்று மாமனார் நினைத்தால் இந்தத் தாளைக் காட்டுங்கள்.

உங்களுக்குக் கிடைப்பவை: முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை. இது ஒற்றைச் சாளரக் கவுன்சலிங்கில் வந்த சீட்டுக்கு மட்டும்தான், மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது. சான்றிதழை இ-சேவை வழியாக இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு பிள்ளை அந்தச் சலுகை பெற்றிருந்தால் இரண்டாவது பிள்ளைக்கு வராது.

7.5 சதவீத ஒதுக்கீடு உங்களுக்கு வராது. அது ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. உதவி பெறும் பள்ளி அதில் சேராது. ஆனால் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் வரும். 2022-ல் தொடங்கியபோது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் இருந்தது, பிறகு உதவி பெறும் பள்ளித் தமிழ் வழி மாணவிகளுக்கும் நீட்டித்தார்கள். மகளின் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும். இரண்டும் வேறு வேறு என்று தெரியாமல், 7.5 இல்லை என்றதும் இதையும் விட்டுவிடுகிறார்கள்.

கடன் வாங்கும் எண்ணம் இருந்தால்: குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குப் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டத்தில், கல்லூரிக்கு நாக் அல்லது பிரிவுக்கு என்பிஏ இருக்க வேண்டும். மெஷின்லேப் சொன்ன அந்தக் கேள்வி இங்கே பணமாக மாறுகிறது. நாக் இல்லாத கல்லூரியில், என்பிஏவும் இல்லாத புதுப் பிரிவில் சேர்ந்தால் நான்கு வருட வட்டி உங்கள் தலையில்.

---

டீக்கடை பெஞ்ச்

டியூஷன் சார் நோட்டீஸ் நீட்டுறாருன்னு எழுதியிருக்கீங்க. அட்மிஷனுக்கு ஆள் பிடிச்சுக் குடுத்தா தலைக்கு இவ்வளவுன்னு கமிஷன் ஓடுற தொழில் இது. அவர் வாங்குறார்னு நான் சொல்லல. ஆனா அவர் பேச்சுக்கு எடை பூஜ்யம்னு வச்சுக்கிட்டா நஷ்டமில்ல.

"இப்பவே அஞ்சாயிரம் கட்டி சீட் பிடிச்சு வைங்க, இல்லன்னா போயிடும்"னு போன் வரும். ஒவ்வொரு வருஷமும் மூணு சுத்து முடிஞ்ச பிறகும் தனியார் கல்லூரிகள்ல சீட் காலியாத்தான் கிடக்கு. ஒரிஜினல் டிசி, மார்க் ஷீட்டை கவுன்சலிங்குக்கு முன்னாடி யார் கையிலயும் குடுத்துடாதீங்க. ஒரிஜினலை நிறுத்தி வைக்கக் கூடாதுன்னு ஏஐசிடிஇ விதியே இருக்கு. கடைசித் தேதிக்குள்ள விலகினா 1,000 ரூபாய்க்கு மேல பிடிக்காம பணத்தைத் திருப்பித் தரணும்னும் இருக்கு. விதி இருக்குன்னு கேட்டு வாங்குறதுக்குள்ள அடுத்த காலேஜ் அட்மிஷன் முடிஞ்சிடும், அதான் பிரச்சினை.

---

கோமுகிக்கரை

அனைவருக்கும் நன்றி. தாள் போட்டுப் பார்த்ததில் மாமனார் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார். ஒரு சந்தேகம். கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிவதை மேலே போட்டுவிட்டு, சந்தேகமானதைக் கீழே போட வேண்டுமா? சேலத்தை முதலில் போட்டு அது கிடைக்காவிட்டால் மற்றதும் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். அப்வர்ட் என்று ஒன்று சொல்கிறார்களே, அதுவும் புரியவில்லை.

---

ரெக்கார்டு நோட்டு

போகாது. கணினி ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவரின் பட்டியலையும் மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதல் சாய்ஸ் இல்லையென்றால் இரண்டாவது, பிறகு மூன்றாவது. மேலே கிடைக்காத ஐம்பது சாய்ஸ் இருந்தாலும், ஐம்பத்தொன்றாவதில் உங்கள் ரேங்க்குக்கு இடமிருந்தால் அது உங்களுக்குத்தான். உங்களுக்குக் கீழே ரேங்க் உள்ளவர் அதை முதல் சாய்ஸாகப் போட்டிருந்தாலும் அவருக்குப் போகாது. எனவே வரிசை முழுக்க முழுக்க விருப்ப வரிசையாக இருக்கட்டும். கட்-ஆஃப் வரிசையில் அடுக்கும்போதுதான் கெடுகிறது. சேலம் ட்ரிபிள்-இ பிடித்தும் பக்கத்து ஏஐயை மேலே போட்டால் ஏஐ-தான் வரும், சேலத்தைக் கணினி எட்டிக்கூடப் பார்க்காது.

எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் போடலாம். மூன்று கல்லூரியோடு நிறுத்தாதீர்கள். சேலத்திலேயே ட்ரிபிள்-இ, இசிஇ, மெக்கானிக்கல், பிறகு பர்கூர், தர்மபுரி அரசு கல்லூரிகள், விழுப்புரம், பண்ருட்டி, திண்டிவனத்தில் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகள் என்று விரித்து, மகளோடு உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் "இது வந்தால் சேர்வாயா?" என்று கேளுங்கள். தயங்கினால் அதைப் போடாதீர்கள்.

அப்வர்ட் இதுதான்: தற்காலிக அலாட்மென்ட் வந்ததும் உறுதி செய்யக் குறுகிய அவகாசம் தருவார்கள். உதாரணமாக ஏழாவது சாய்ஸ் கிடைத்திருக்கிறது, முதல் ஆறில் யாராவது சேராமல் விட்டால் அது வேண்டும் என்றால் 'அக்செப்ட் அண்ட் அப்வர்ட்'. உதவி மையத்தில் குறித்த தேதிக்குள் பணம் கட்டினால் ஏழாவது கையில் இருக்கும், மேலே இடம் காலியானால் தானாக ஏறும். ஏறிவிட்டால் ஏழாவது போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. 'டிக்ளைன் அண்ட் அப்வர்ட்' கொடுத்தால் கையில் சீட் இருக்காது. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் அவசரத்தில் இதைத் தட்டிவிடுகிறார்கள். 'அக்செப்ட் அண்ட் ஜாய்ன்' என்றால் அத்தோடு முடிந்தது, குறித்த நாளுக்குள் கல்லூரியில் போய்ச் சேர வேண்டும். எதைத் தட்டினாலும் ஓடிபி போட்டுச் சமர்ப்பித்தால்தான் பதிவாகும், அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கடைசி நாள் சாயங்காலம் நான்கரைக்கு உட்காராதீர்கள், சர்வர் திணறும்.

---

மெஷின்லேப்

சேலம் காலேஜ் டவுனுக்குள்ள இல்ல மேடம், கருப்பூர்ல, ஓமலூர் போற வழில. கள்ளக்குறிச்சிலேருந்து ஆத்தூர் வழியா வந்து சேலத்துல இறங்கி இன்னொரு பஸ் மாறணும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகளையும் கூட்டிக்கிட்டு அந்த ரூட்ல ஒருதடவை போய் வாங்க. பொண்ணுங்க ஹாஸ்டல் வார்டனைப் பாத்து, முதல் வருஷத்துக்கு எத்தனை பேருக்கு இடம், உள்ள வர்ற நேரம் என்ன, வீட்டுக்குப் போறதுக்கு அவுட் பாஸ் எப்படின்னு கேட்டுட்டு, தண்ணி வர்ற நேரத்தையும் கேளுங்க.